மெர்காப்டன்: நாற்றம் வரவில்லை என்றால் கேஸ் கசியவில்லை என்று அர்த்தமா?

பயிற்சி வகுப்பில் சமையல் கேஸின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், புரோப்பேன், பியூட்டேன் வரைக்கும் எல்லோரும் மளமளவென்று வாசித்துவிடுவார்கள். அடுத்து ‘எத்தில் மெர்காப்டன்’ என்று வந்ததும் நாக்கு தடுக்கும். “இது என்ன சார், பாதரசம் எதையாவது கலக்கிறார்களா?” என்று ஒருவர் கேட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள். கேஸில் பாதரசம் கிடையாதுதான், ஆனால் பெயரில் இருக்கிறது, அதனால் அந்த மனிதர் பாதி சரி.

1830-களில் சைசெ என்ற டென்மார்க் வேதியியலாளர், ஆல்கஹாலைப் போலவே கட்டமைப்பு கொண்ட, ஆனால் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம் உட்கார்ந்திருக்கிற ஒரு திரவத்தைத் தயாரித்தார். அது பாதரசச் சேர்மங்களோடு போய் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து, ‘பாதரசத்தைப் பிடிப்பது’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களை ஒட்டி மெர்காப்டன் என்று பெயர் வைத்தார். பாடப்புத்தகங்களில் இன்று அதற்கு தயால் என்று பெயர். கேஸ் தொழிலில் மட்டும் பழைய பெயர் போகவே இல்லை, சில மருந்துகள், ரப்பர் ரசாயனங்களின் பெயர்களிலும் ‘மெர்காப்டோ’ என்ற பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தயால், மெர்காப்டன் இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

சரி, கேஸில் இதற்கு என்ன வேலை? நாறுவது. அது மட்டும்தான். புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொந்தமாகச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது, நாம் ‘கேஸ் வாசனை’ என்று சொல்வது முழுக்க இந்தக் கந்தகச் சேர்மத்தின் வாசனை. காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒருமுறை கையுறையில் பட்ட ஒரே ஒரு சொட்டை நான் கவனிக்காமல் வண்டியில் ஏறிவிட்டேன், வழி நெடுக ஓட்டுநர் வண்டியை நிறுத்தி நிறுத்தி எங்கே கசிகிறது என்று தேடிக்கொண்டே வந்தார்.

வாசனை சேர்க்காத காலமும் இருந்தது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வெடிப்பில் ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்கப்புறம்தான் வாசனை சேர்ப்பது அங்கே சட்டமானது.

இப்போது நான் இதை எழுத வந்த காரணத்துக்கு வருகிறேன். ‘பிடிப்பது’ என்ற அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மெர்காப்டன் பாதரசத்தை மட்டும் பிடிப்பதில்லை, இரும்பையும் துருவையும் விடாது. புத்தம் புதிய எஃகுத் தொட்டியிலோ, உள்ளே துருவேறிய சிலிண்டரிலோ கேஸை நிரப்பினால் மெர்காப்டனில் ஒரு பகுதி சுவரில் ஒட்டிக்கொள்ளும், இன்னொரு பகுதியைத் துரு டைசல்பைடு என்ற வேறொரு கந்தகச் சேர்மமாக மாற்றிவிடும், அதற்கு இவ்வளவு நாற்றம் இல்லை. ஆய்வகத்தில் மெர்காப்டன் சிந்தினால் நீர்த்த ப்ளீச் ஊற்றி நாற்றத்தைக் கொல்வதும் இதே போன்ற ஆக்சிஜனேற்றத்தால்தான், அதையே தொட்டிக்குள் துரு யாரும் கேட்காமல் செய்துவைக்கிறது. நிலத்துக்கடியில் குழாய் கசிந்தால் மேலே வந்து சேர்வதற்குள் மண்ணும் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும்.

புதிதாக நிறுவிய ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம், மூவருமே “வாசனை இல்லையே” என்று சொன்னோம், சொல்லி முடிப்பதற்குள் இடுப்பில் மாட்டியிருந்த, கேஸைக் கண்டுபிடிக்கும் கருவி கத்த ஆரம்பித்தது. காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.4 சதவீதம் இருக்கும்போதே மூக்கில் ஏறிவிட வேண்டும் என்ற கணக்கில்தான் வாசனையைச் சேர்க்கிறார்கள். கருவி கத்தியது அந்த அளவையும் தாண்டி. ஒரு வால்வின் கழுத்தில் சோப்பு நீர் தடவினோம், பொரிப் பொரியாகக் குமிழி வந்தது.

அதோடு நம் மூக்கும் ஒரு பலவீனமான கருவிதான். கசிவு இருக்கும் அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் பழகிப்போய், வாசனை போய்விட்டது, கசிவும் நின்றுவிட்டது என்று தோன்றும். சளி பிடித்தவர், வயதானவர், காய்ச்சலுக்குப் பின் மோப்ப உணர்வு திரும்பாதவர் எல்லாம் இந்த எச்சரிக்கை சென்று சேராதவர்கள். “கேஸ் லீக் ஆனால் தெரிந்துவிடும்” என்று வீட்டில் யாராவது நம்பிக்கையாகச் சொன்னால், யாருக்குத் தெரியும் என்று திருப்பிக் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. சிலிண்டர் தீரப்போகும் நேரத்தில் நாற்றம் அதிகமாக வரும். மெர்காப்டன் புரோப்பேனைவிட மெதுவாக ஆவியாவதால் அடியில் தங்கிச் சேர்ந்துவிடுகிறது, கடைசியில் அதுதான் கூடுதலாக வெளியே வருகிறது. ஆனாலும் “தீரப்போகிறது போல” என்று விட்டுவிடாதீர்கள், ரெகுலேட்டரை மூடிவிட்டு சோப்பு நீர் தடவிப் பாருங்கள், திறந்தும் ஒருமுறை பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், என்ன சொல்வது. நாற்றம் பலமாக இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள்.

வகுப்பு முடிந்ததும் பாதரசக் கேள்வி கேட்டவர் தனியாக வந்தார். ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை சார், வீட்டிலும் பகலில் நான் தனியாகத்தான் இருப்பேன் என்றார். கேஸ் டிடெக்டர் ஒன்று வாங்கி மாட்டச் சொன்னேன். மேலே, புகை அலாரம் பக்கத்திலா என்று கேட்டார். இல்லை, குழாயில் வரும் இயற்கை எரிவாயு என்றால்தான் மேலே, உங்களுடையது சிலிண்டர், அந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் மாட்டுங்கள் என்றேன்.