பால்கனிப் பெரணியின் நுனி ஏன் கருகுகிறது?

நர்சரியில் பச்சைப்பசேலென்று தொங்கிய பாஸ்டன் பெர்ன் என்ற பெரணி, வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் நுனியெல்லாம் பழுப்பாகி நிற்கும். "தண்ணி பத்தல" என்று இன்னும் இரண்டு குவளை ஊற்றுவார்கள். சென்னை போன்ற ஊர்களில் பல வீடுகளில் பெரணியைக் கெடுப்பது வெயிலைவிட போர் தண்ணீரின் உப்புதான். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தொட்டியிலேயே தங்கும். நாளுக்கு நாள் சேரும் அந்த உப்பு வேரை நீர் உறிஞ்சவிடாது; முதலில் காய்வது நுனி. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைநீரும் ஏசியிலிருந்து சொட்டும் நீரும் நல்லவை. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் நீரை ஊற்றவே வேண்டாம். குழாய் நீரைவிட அதில் உப்பு அதிகம். மாதம் ஒருமுறை தொட்டியைக் கழுவிவிடுங்கள். 8 அங்குலத் தொட்டிக்குச் சுமார் 10 லிட்டர், கால் மணி நேரத்தில் மெதுவாக, அடித்துளை வழியே ஓடி வடியும்படி. வேறு நீர் இல்லையென்றால் குழாய் நீரே போதும். தொட்டிக்குள் சேர்ந்திருக்கும் உப்பு அதைவிடக் கடுமையானது.

தேங்காய் நார்த் தூளான கோகோபீட்டிலும் உப்பு உண்டு. ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீர் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். பிறகு தொட்டிக் கலவைக்கு அது 3 பங்கு, மண்புழு உரம் 1, அடுப்புக்கரித் துண்டு அல்லது பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) 1. வெறும் செம்மண் தொட்டியில் இறுகிப்போகும், வேருக்குக் காற்று கிடைக்காது. அடியில் கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பதும் சரியல்ல. ஈரம் கல்லுக்கு மேலேயே நின்றுவிடும். வேருக்கு இடம் குறைவதுதான் மிச்சம். பிளாஸ்டிக் தொட்டியில் துளைகள் மூடியே வரும், குத்தித் திறக்க மறக்காதீர்கள். நடும்போது குருத்து மண்மட்டத்திலேயே இருக்கட்டும், புதைத்தால் அழுகும்.

கோகோபீட் ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் உடனே நீரை ஏற்காமல் போகலாம். ஊற்றியது ஓரமாக இறங்கி வெளியேறும். மேலே ஈரம், நடுவில் வறட்சி. தொட்டியைப் பக்கெட் நீரில் அரை மணி நேரம், குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி எடுங்கள்.

எந்தப் பெரணி தாங்கும்? மெய்டன்ஹேர் அழகுதான், ஆனால் ஒருநாள் தண்ணீர் தவறினால் சுருண்டுவிடும். சென்னை மேமாதத்துக்கு ஆகாது. பாஸ்டனைப் போலவே இருக்கும் நெஃப்ரோலெப்பிஸ் கார்டிஃபோலியாவின் வேரில் நீர் சேமிக்கும் சிறு கிழங்குகள் உருண்டையாகத் தொங்கும். வாங்கும்போது தொட்டியிலிருந்து லேசாக உருவிப் பாருங்கள். கிழங்கு இருந்தால், கீற்றெல்லாம் காய்ந்தாலும் மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு வெட்டி ஈரம் காத்தால் மறுபடி துளிர்க்க நல்ல வாய்ப்பு உண்டு. 'அஸ்பாரகஸ் பெர்ன்' என்று விற்பது பெரணியே அல்ல. அது தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. பழைய சுண்ணாம்புச் சுவரிலும் கழிவுநீர்க் குழாய் ஓரத்திலும் தானே முளைக்கும் டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணி கடின நீரையும் தாங்கும். ஆனால் அது மண்ணிலிருந்து ஆர்செனிக்கை உறிஞ்சிச் சேர்க்கும் என்று 2001-இல் கண்டறிந்தார்கள். அலங்காரத்துக்கு மட்டும் வையுங்கள்.

கிழக்கு, வடக்கு பால்கனி போதும். மேற்கு என்றால் 50 அல்லது 75 சதவீத நிழல்வலை தேவை. 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், 15 நாளுக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் மட்டும். வேப்ப எண்ணெயை முதலில் ஒரே ஒரு கீற்றில் தெளித்து மூன்று நாள் பாருங்கள், பெரணிக்கு எண்ணெய் எளிதில் ஒவ்வாது. இலையின் அடியில் வரிசையாக அமைந்த பழுப்புப் புள்ளிகளைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் நிறைய. அவை பெரணி இனம் பெருக்கும் வித்துத் திட்டுகள். ஒழுங்கில்லாமல் ஒட்டியிருந்து, நகத்தால் சுரண்டினால் கழன்று, பிசுபிசுத்தால்தான் செதில் பூச்சி.

தொட்டித் தட்டு நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

கொல்லிமலையில் சூப்புக்கு விற்கும் முடவாட்டுக்காலும் ஒரு பெரணியின் தண்டுதான். அதை மண்ணில் புதைக்காமல் தேங்காய் மட்டைமேல் கட்டித் தொங்கவிட வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பழுப்பு இலைகளைப் பிய்க்காதீர்கள், சருகையும் ஈரத்தையும் பிடித்துவைப்பவை அவையே. கோடையில் பச்சை இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். செத்துவிட்டதென்று குப்பையில் போடுவது அப்போதுதான். தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தண்ணீரைக் குறைத்து நிழலில் விட்டுவிடுங்கள், மழைக்காலத்தில் சுருள் விரியும்.