முன்பல்லை ராவச் சம்மதிக்கும் முன்

கல்யாணத் தேதி குறித்த பிறகுதான் பலருக்கு முன்பல் ஞாபகம் வருகிறது. நிச்சயதார்த்தப் போட்டோவைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "டாக்டர், முன்னாடி ஆறு பல்லுக்கும் கேப் போட்டுடுங்க, கலரும் ஒரே மாதிரி வந்துடும், சந்தும் தெரியாது" என்று வந்து உட்காருவார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை, ஈறும் நன்றாக இருக்கிறது. நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு பல்லின் நுனியில் சின்ன உடைப்பு, அவ்வளவுதான். இதற்கு ஆறு பல்லையும் ராவ வேண்டுமா?

கேப் என்பது பல்லின் மேல் மாட்டும் உறை. அதைப் போடுவதென்றால் பல்லைச் சுற்றிலும் 1 முதல் 1.5 மி.மீ. வரை, நுனியில் 2 மி.மீ. வரை தேய்த்து எடுக்க வேண்டும். வெளியே தெரிகிற பல்லில் பாதிக்கு மேல் போய்விடும். போனது போனதுதான். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். பல்லின் கெட்டியான வெளிப்படலமான எனாமலை உருவாக்கும் செல்கள் மட்டும் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன, அதனால் எனாமல் மறுபடி வளராது. இருபது வயதில் பல்லுக்குள் இருக்கும் நரம்பறை வேறு பெரிதாக இருக்கும். அந்த வயதில் அவ்வளவு தேய்த்தால் சில பற்களில் நரம்பு செத்து, பின்னால் வேர் சிகிச்சையில் போய் நிற்கும். கேப்பும் ஆயுள் முழுக்க வராது. சில வருடம் கழித்து மாற்ற வேண்டும், அதற்குப் பின் இன்னொன்று. ஒருமுறை ராவிய பல் கடைசி வரை கேப்பை நம்பித்தான் இருக்க வேண்டும்.

வேர் சிகிச்சை செய்து பலவீனமான பல், பெரும்பகுதி உடைந்துபோன பல் இவற்றுக்குக் கேப் தேவைதான். நான் சொல்வது நல்ல பல்லை அழகுக்காக மட்டும் ராவுவதைப் பற்றி.

அழகுக்கான வேலைகளில் பெரும்பாலானவற்றை காம்போசிட் வைத்தே முடித்துவிடலாம். பல் நிறத்தில் இருக்கும் பசை போன்ற ரெசின் இது, உள்ளே நுண்ணிய கண்ணாடித் துகள்கள் கலந்திருக்கும். நீல ஒளி பட்டால் சில நொடிகளில் கெட்டியாகிவிடும். இதைப் பல்லில் ஒட்டவைக்கும் வழியை 1955-இல் சொன்னவர் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க அதை முதலில் பாஸ்பாரிக் அமிலத்தில் கழுவுவார்கள். அதையே எனாமலில் செய்து பார்த்தார் அவர். அமிலம் பட்ட எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகின்றன. ரெசின் அதற்குள் இறங்கி, கெட்டியாகி, பூட்டிக்கொள்கிறது. இன்றைக்கும் அதே முறைதான், அமிலத்தின் செறிவு மட்டும் குறைந்து இப்போது 37 சதவீதமாக இருக்கிறது. இந்தப் பிடிப்பு எனாமலில் கிடைக்கும் அளவுக்கு அதற்கு உள்ளே இருக்கும் டென்டினில் கிடைப்பதில்லை. அதனால் பல்லை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு உறுதியாக ஒட்டும். இடைவெளியை மூடுவதற்கும், கூம்பு மாதிரி சின்னதாக நிற்கும் இரண்டாம் முன்பல்லைப் பெரிதாக்குவதற்கும் பெரும்பாலும் ராவவே தேவையில்லை, மரத்துப்போகும் ஊசியும் தேவையில்லை.

"ஏற்கெனவே முன்பல்லுல சிமெண்ட் வச்சாங்க டாக்டர், ஆறே மாசத்துல விழுந்துடுச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். காம்போசிட் என்பது பொருளைவிட, வைக்கும் கையையும் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் நம்பியிருக்கும் வேலை. பத்து நிமிடத்தில் எச்சில் படப்பட வைத்தால் விழத்தான் செய்யும்.

ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் கலர். பல் ஈரமாக இருக்கும்போதே, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சுப் புடவையில் வந்தால் கழுத்துக்குக் கீழே ஒரு சாம்பல் நிறத் துணியைப் போட்டுவிடுவேன், இல்லாவிட்டால் கண் ஏமாந்துவிடும். வாயைத் திறந்து வைத்துக் காய்ந்த பல் வெளுத்துத் தெரியும். அந்த நேரத்தில் கலர் தேர்ந்தெடுத்தால் ஒட்டுவேலை மறுநாள் தனியாக வெள்ளையடித்தது போல நிற்கும். கலர் அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல், ஏ2, ஏ3 என்று இரண்டு மூன்று கலரில் மிளகளவு காம்போசிட் எடுத்து, அமிலம் போடாத பல்லின் மேல் வைத்து, ஒளி காட்டி, கருப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுப்பேன். நிறத்தைவிட வெளிச்ச அளவு பொருந்துவதுதான் முக்கியம், அது கருப்பு வெள்ளையில் நன்றாகத் தெரியும். அப்புறம் அந்தப் பொட்டுகளை நகத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

அதே போல, இடைவெளி மூடினால் எப்படி இருக்கும் என்பதையும் ஒட்டாமலேயே வைத்துக் காட்டிவிடலாம். கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்வோம், சிரிக்கச் சொல்வோம். சிலர் பார்த்துவிட்டு, "வேணாம் டாக்டர், பழைய சிரிப்பே நல்லா இருக்கு" என்று எழுந்து போவதும் உண்டு. முன்பல் சந்து அதிர்ஷ்டம் என்று பாட்டி சொன்னதை மதித்து அப்படியே விட்டவர்களும் இருக்கிறார்கள். தொந்தரவு இல்லாத சந்தை மூடியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

வேலை தொடங்கும்போது ரப்பர் ஷீட் மாட்டிப் பற்களை எச்சிலிலிருந்து பிரித்துவிட வேண்டும். பக்கத்துப் பல்லில் அமிலமும் ரெசினும் படாமல் இருக்கச் சுற்றுவது எது தெரியுமா? பிளம்பர் குழாய் மரைக்குச் சுற்றும் அதே வெள்ளை டெஃப்லான் டேப். பிறகு பின்புறம் மெல்லிய ஓடு மாதிரி ஓர் அடுக்கு, நடுவில் டென்டின் போல ஒளி புகாத அடுக்கு, மேலே எனாமல் போல ஒளி கசியும் அடுக்கு. ஒவ்வொன்றும் 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, தடிமனாக வைத்தால் ஒளி அடிவரை போய்ச் சேராது. கடைசியில் பாலிஷ். இதற்கே பாதி நேரம் போகும், போக வேண்டும். சொரசொரப்பாக விட்டால் கறையும் அழுக்கும் அங்கேதான் முதலில் உட்காரும், ஈறும் வீங்கும். ஒரு பல்லுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கேட்கும் மருத்துவரைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் இன்னொரு கதை இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. பல் உள்ளே உருவாகும் சின்ன வயதில் அதற்கு மேல் குடித்தவர்களுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டோ காவி நிறமோ வந்துவிடும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துவிட்டாலும், அதற்கு முன் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல் மாறப்போவதில்லை. "பல் விளக்கறதே இல்லையா" என்று கேட்டுக் கேட்டு, கையால் வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகிய பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் நன்றாகத்தான் பல் விளக்குகிறார்கள். கரித்தூளும் உப்பும் போட்டுத் தேய்த்தால் எனாமல்தான் போகும், கறை போகாது.

இவர்களுக்கும் எடுத்தவுடன் கேப் வேண்டாம். மேலோட்டமான காவிக் கறையை நீர்த்த அமிலமும் நுண்துகளும் கலந்த பசையால் தேய்த்தே எடுக்கலாம். மிக மெல்லிய படலம்தான் போகும். வெள்ளைத் திட்டுக்கு உள்ளே ஊறும் ரெசின் சிகிச்சை இருக்கிறது. தேவைப்பட்டால் பிளீச்சிங். இவற்றுக்கெல்லாம் மசியாத இடத்தில் மட்டும் காம்போசிட். ஃபுளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு அவ்வளவு எளிதில் இளகாது, கூடுதல் நேரம் வைக்க வேண்டும்.

பிளீச்சிங் செய்வதாக இருந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பிளீச்சில் பல் வெளுக்கும், காம்போசிட் வெளுக்காது. பிளீச் முடிந்த கையோடு ஒட்டவும் கூடாது. பல்லில் தங்கிய ஆக்சிஜன் ரெசினைச் சரியாகக் கெட்டியாக விடாது, அதனால் இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வந்தால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, இரண்டு மாதம் முன்னால் வாருங்கள்.

பைக்கில் விழுந்தோ கிரிக்கெட் பந்து பட்டோ முன்பல் உடைந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். காயவிடாமல் பாலிலோ தண்ணீரிலோ போட்டுக் கொண்டு வந்தால் பல நேரம் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். சொந்தப் பல்லின் நிறத்துக்கும் பளபளப்புக்கும் எந்தக் காம்போசிட்டும் ஈடில்லை. நிலையான பல் முழுதாகவே கழன்று வந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்துப் பாலில் போட்டு உடனே ஓடி வர வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பால்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது.

காம்போசிட் வேண்டாம் என்று நானே திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்பல் விரிந்து நிற்கிறது என்று அம்மாக்கள் பதறி வருவார்கள். கோரைப்பல் முளைக்கும் 11, 12 வயதில் அது பெரும்பாலும் தானாகவே சேர்ந்துவிடும், காத்திருங்கள். நாற்பது வயதுக்கு மேல் புதிதாகச் சந்து விழுந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, ஈறு நோயில் எலும்பு கரைந்து பல் நகர ஆரம்பித்திருக்கலாம். ஈறுக்கு வைத்தியம் பார்க்காமல் சந்தை மட்டும் அடைப்பது ஏமாற்று வேலை. இடைவெளி ரொம்பப் பெரிதாக இருந்தால் இரண்டு பற்களும் பலகை மாதிரி அகன்று போகும், அங்கே கிளிப்தான் வழி. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், மேல் கீழ்ப் பற்கள் நுனியோடு நுனி முட்டுபவர்களுக்கும் எவ்வளவு நன்றாக வைத்தாலும் தெறிக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கேப் செய்யும் செராமிக் அளவுக்குக் காம்போசிட் கறையைத் தாங்காது. காபி, டீ, வெற்றிலை, சிகரெட் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மஞ்சள் சேர்ந்த குழம்பு முதல் இரண்டு நாளாவது வேண்டாம், தயிர் சாதம் சாப்பிடுங்கள். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மாதக்கணக்கில் கொப்பளித்தாலும் பழுப்பேறும். பொங்கல் கரும்பை முன்பல்லால் கிழிப்பது, பால் பாக்கெட்டைக் கடித்துத் திறப்பது, நகம் கடிப்பது, தையல் வேலை செய்பவர்கள் நூலைப் பல்லால் அறுப்பது எல்லாம் நுனியைப் பெயர்த்துவிடும். பார்த்து நடந்தால் ஐந்து முதல் ஏழு வருடம் நன்றாக வரும், அதற்கு மேலும் வந்திருக்கிறது. பெயர்ந்தாலும் பெயர்ந்த இடத்தில் மட்டும் சேர்த்துச் சரிசெய்யலாம். செராமிக் உடைந்தால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டிவரும்.

பல் சந்தில் எதையோ உருக்கி வைத்து "நிரந்தரப் பல்" கட்டித் தரும் ஆட்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கை ஈறோடு சேர்த்து அப்பிவிடுவார்கள், உள்ளே சீழ் பிடித்த பிறகுதான் நம்மிடம் வருவார்கள். பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் கிளினிக் கட்டுப்படியாகாது என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்களில் இதற்கென்றே தனித்துறை உண்டு. கூட்டம் இருக்கும், கையில் நேரத்தை வைத்துக்கொண்டு போங்கள்.

எங்கே செய்தாலும் எந்தக் கம்பெனி காம்போசிட், எந்த கலர் எண் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பாலிஷுக்குப் போகும்போது அந்தச் சீட்டையும் எடுத்துப் போனால், வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்த்தாலும் அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.