முன்பின் தெரியாதவரின் சிறு உதவி ஏன் மனத்தில் நிற்கிறது?

கை நிறையச் சுமையோடு ஓடிவரும் ஒருவருக்காக, உள்ளே நிற்கும் இன்னொருவர் லிஃப்ட் கதவை இரண்டு நொடி மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறார். உதவி என்று பார்த்தால் இது மிகச் சிறியது. இதைவிடப் பெரியவற்றை வீட்டில் இருப்பவர்கள் நமக்கு அன்றாடம் செய்கிறார்கள். அவற்றில் பலவற்றை நாம் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் அதைச் செய்யும்போது மனம் சட்டென்று லேசாகிவிடுகிறது. உதவியின் அளவுக்கும் அது தரும் மகிழ்ச்சிக்கும் பொருத்தம் இல்லாமல் போவதற்கு முதற்காரணம், கிடைத்ததை எதிர்பார்ப்போடு ஒப்பிட்டே மூளை மதிப்பிடுகிறது என்பதாகும்.

1990களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர், குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் செயல்பாட்டைப் பதிவு செய்தார். எதிர்பாராத நேரத்தில் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் வேகமாகத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்பது குரங்குக்குப் பழகிய பிறகோ, விளக்கு எரியும் கணத்திலேயே துடிப்பு எழுந்தது. பின்னால் வந்த சாற்றுக்கு அணுக்கள் அசையவில்லை. வரவேண்டிய சாறு வராமல் போனபோது துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. மனிதர்களின் மனநிலையும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் ஏறி இறங்குகிறது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ராப் ரட்லெட்ஜும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் காட்டினார்கள். கைபேசிச் செயலி வழியாக 18,000க்கும் மேற்பட்டோர் விளையாடிய ஒரு விளையாட்டில், அந்தந்த நேரத்து மகிழ்ச்சியைத் தீர்மானித்தது மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதல்ல, எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்ததா என்பதே. அறிமுகமற்றவரிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அவரிடமிருந்து எது வந்தாலும் அது முழுக்க வரவுதான்.

ஆயினும் வியப்பு மட்டும் இதை விளக்கிவிடாது. வழியில் கிடக்கும் நாணயமும் எதிர்பாராததுதான், ஆனால் அந்த நாணயம் நம்மை ஓர் ஆளாக மதிப்பதில்லை. மதிக்கப்படுவது எவ்வளவு முக்கியம் என்பதை 2012இல் எரிக் வெசல்மனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் எளிய சோதனை தெளிவாக்குகிறது. பல்கலைக்கழக வளாகத்தில் நடந்துவருபவர்களை எதிர்கொண்ட ஆய்வாளர், சிலரின் கண்களைப் பார்த்தார். சிலரைப் பார்த்துப் புன்னகையும் செய்தார். வேறு சிலரின் பக்கம் பார்வையைத் திருப்பியும், அங்கே ஆளே இல்லாததுபோல அவர்களை ஊடுருவிப் பார்த்தபடி கடந்துபோனார். பின்னாலேயே வந்த மற்றோர் ஆய்வாளர் அவர்களை நிறுத்தி, கடந்த ஒரு நிமிடத்தில் பிறரிடமிருந்து எவ்வளவு விலகியிருப்பதாக உணர்ந்தீர்கள் என்று கேட்டார். பார்வையால் அங்கீகரிக்கப்பட்டவர்கள், பாராமல் கடக்கப்பட்டவர்களைவிடக் குறைவான விலகலையே உணர்ந்திருந்தார்கள். ஒரு பார்வைக்கே இந்த வலிமை உண்டென்றால், நமக்காக நின்று கதவைப் பிடித்தவரின் செயல் எவ்வளவு சொல்லியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்தது, திமோத்தி வில்சனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட சோதனையாகும். நூலகத்தில் இருந்தவர்களிடம் ஒருவர் வந்து, ஒரு டாலர் நாணயம் ஒட்டிய சிறிய அட்டையைத் தந்துவிட்டுப் போய்விடுவார். அட்டைகள் இரண்டு வகை. கொடுப்பது யார் என்பதும் அன்பான செயல்களைப் பரப்பவே கொடுக்கிறோம் என்பதும் இரண்டிலும் இருந்தன. ஒரு வகையில் மட்டும் ‘நாங்கள் யார்?’, ‘இதை ஏன் செய்கிறோம்?’ என்ற கேள்விகள் கூடுதலாக அச்சாகியிருந்தன. அந்தக் கேள்விகள் புதிய செய்தி எதையும் தரவில்லை, ஆனால் எல்லாம் விளங்கிவிட்டது என்ற உணர்வைத் தந்துவிட்டன. ஐந்து நிமிடம் கழித்து விசாரித்தபோது, கேள்விகள் இல்லாத அட்டையைப் பெற்றவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். காரணம் விளங்கிய நிகழ்வை மனம் வேகமாக மூட்டைகட்டி வைத்துவிடுகிறது; விளங்காததை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்கிறது. வீட்டார் செய்வதற்குக் காரணம் நமக்கு முன்பே தெரியும். அந்நியர் செய்ததற்கோ, செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படுவதில்லை.

இவற்றையெல்லாம் ‘அன்பு ஹார்மோன்’ எனப்படும் ஆக்சிடோசினின் கணக்கில் எழுதிவிடுவது பரவலான வழக்கம். அந்த ஹார்மோன் மனிதர்களிடையே நம்பிக்கையைக் கூட்டுகிறது என்று சொன்ன ஆய்வுகள் மறுசோதனைகளில் உறுதியாக நிற்கவில்லை என்பதால், நான் அதன்மேல் பாரம் ஏற்றமாட்டேன். இதமான உணர்வு நெடுநேரம் நீடிப்பதுமில்லை. ஆலிஸ் ஐசனும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், சிறு அன்பளிப்பு பெற்றவர்களிடம் பிறருக்கு உதவும் ஆர்வம் முதலில் உயர்ந்து, ஏறத்தாழ 20 நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. நாள் முழுவதும் நன்றாகப் போனதாக நமக்குத் தோன்றுவது, அந்த நிகழ்வை நாம் நினைவுகூரும்போதும் பிறரிடம் சொல்லும்போதும் அது புதுப்பிக்கப்படுவதால் இருக்கலாம்.

இத்தனை பயன் தரக்கூடிய ஒன்றை நாம் ஏன் அடிக்கடி செய்வதில்லை என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் அமித் குமாரும் நிகோலஸ் எப்லியும் விடை தேடினார்கள். சிகாகோவில் குளிர்காலத்தில், பனிச்சறுக்குத் திடலுக்கு வந்தவர்களிடம் ஒரு கோப்பை சூடான சாக்லேட் பானத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், அல்லது தாங்கள் தேர்ந்தெடுக்கும் அந்நியர் ஒருவருக்குக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தவர்கள் ஊகித்ததைவிடப் பெற்றவர்கள் தெளிவாகவே கூடுதல் மகிழ்ச்சி அடைந்தார்கள். கொடுப்பவரின் எண்ணம் கையில் உள்ள பொருளின் மதிப்பிலேயே நின்றுவிடுகிறது, பெறுபவரோ அதோடு வந்த பரிவையும் சேர்த்தே பெறுகிறார். அதே ஆய்வுத் தொடரின் மற்றொரு சோதனையில், ஒருவரின் பரிவினால் கேக் கிடைத்தவர்கள், ஆய்வில் கலந்துகொண்டதற்காக அதே கேக்கைப் பெற்றவர்களைவிட, அடுத்து வந்த விளையாட்டில் முகம் அறியாத மூன்றாம் நபருக்குக் கூடுதல் பணத்தைப் பகிர்ந்தளித்தார்கள்.