முதிர்ந்த இமையில் மை ஏன் ஊறுகிறது?

அறுபது வயதைக் கடந்த வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "முப்பது ஆண்டுகளாக ஒரே இழுப்பில் ஐலைனர் தீட்டிப் பழகியவள் நான். இப்போதும் அதே கை, அதே பொருள். ஆனால் கோடு விட்டுவிட்டு விழுகிறது; ஓரங்களில் பிசிறு பிசிறாகப் பரவுகிறது; ஒரு மணி நேரத்தில் இமையின் மேற்பகுதியில் இன்னொரு கோடு தோன்றிவிடுகிறது. என் கை தளர்ந்துவிட்டதா?" அவர் சொல்லும் மூன்று குறைகளும் கையிலிருந்து பிறப்பவை அல்ல. அவை மூன்று தனித்தனி இயற்பியல் நிகழ்வுகள். அவற்றில் நடுவில் உள்ளது, பல ஆண்டுகளாக என்னை வியக்க வைக்கும் ஒன்று.

முதலில் இமையின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உடலிலேயே மிக மெல்லிய தோல்களில் ஒன்று மேலிமைத் தோல். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அடியில் கொழுப்பு மெத்தையும் ஏறக்குறைய இல்லை. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனும், இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பும் எலாஸ்டினும் வயதாலும் புற ஊதாக் கதிர்களாலும் சிதைகின்றன. எலாஸ்டின் பெரும்பாலும் இளம்பருவத்திலேயே உருவாகி முடிந்துவிடுவதால், இழந்ததை உடல் ஈடுசெய்வது மிகக் குறைவு. இதனால் இமைத்தோல் கசங்கிய மெல்லிய தாளைப்போல நுண்சுருக்கங்கள் நிறைந்ததாகிறது; புருவத்தடித் தோலும் தளர்ந்து சரிந்து, இமையின் இயல்பான மடிப்பை மூடிக்கொள்கிறது. சிலருக்கு இத்தகைய மூடிய மடிப்பு பிறவியிலேயே அமைந்திருக்கும். அது முதுமையின் அடையாளமன்று.

கோடு விட்டுவிட்டு விழுவதற்குக் காரணம் உராய்வு. தளர்ந்த தோலின்மேல் பென்சிலை இழுக்கும்போது, முனை வழுக்கிச் செல்வதற்குப் பதிலாகத் தோலைத் தன்னோடு தள்ளிக்கொண்டு போகிறது. தோல் முனைக்கு முன்னே குவிந்து, இழுவை தாங்காத கணத்தில் சட்டென்று பின்வாங்குகிறது. ஒட்டுவதும் வழுக்குவதுமான இந்த மாறி மாறி நிகழும் அசைவுதான் வயலின் தந்தியை வில் ஒலிக்கச் செய்வதும். இதைத் தவிர்க்கப் பலரும் இமையின் வெளி ஓரத்தைப் பிடித்து இறுக்கமாக இழுத்துக்கொள்கிறார்கள். ஊதிய பலூனின்மேல் வரைந்த கோடு காற்றை விட்டதும் சுருங்கிக் கோணலாவதைப்போல, விரலை எடுத்ததும் அந்தக் கோடும் நெளிந்துவிடும். இழுப்பதை விட்டுவிட்டு ஒற்றுவதே நல்லது. முகவாயைச் சற்று உயர்த்தி, தாழ வைத்த கண்ணாடியைப் பாதி மூடிய கண்ணால் பார்த்தபடி, இமைமயிர்களின் அடியில் சிறு சிறு புள்ளிகளாக வைத்துப் பிறகு அவற்றை இணைக்கலாம். ஒற்றும்போது பக்கவாட்டு இழுவை இல்லாததால் தோல் குவிவதற்கு வாய்ப்பே இல்லை.

இனி, பிசிறு. திரவ ஐலைனர் என்பது நீரில் கரியோ இரும்பு ஆக்சைடோ மிதக்கும் ஒரு கலவை. காய்ந்தபின் படலமாக மாறும் பலபடிச் சேர்மங்களும் (பாலிமர்கள்), எண்ணெய்ப் பசையுள்ள தோலிலும் படிவதற்காகப் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்களும் அதில் உண்டு. ஒரு சுருக்கத்தின் குறுக்கே அதைத் தீட்டும்போது, அந்தச் சுருக்கம் மேற்புறம் திறந்த ஒரு நுண்கால்வாயாகிவிடுகிறது. கால்வாயின் இரு சுவர்களிலும் திரவம் ஒட்டுவதால் அதன் மேற்பரப்பு உட்குழிந்து வளைகிறது. வளைவு கூடக் கூட உள்ளே அழுத்தம் குறைகிறது. குறுகிய முன்முனையில் அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால், பின்னாலுள்ள மை முன்னோக்கி உறிஞ்சப்படுகிறது. பள்ளியில் நுண்புழை ஏற்றம் என்று கண்ணாடிக் குழாயில் பார்த்ததும் இதுவே. இங்கே குழாய்க்குப் பதில் ஒரு மூலை.

மூலையில் திரவம் ஓடுமா, நிற்குமா என்பதை ஒரே வரியில் சொல்லும் விதியை 1969-இல் பால் காங்கஸ், ராபர்ட் ஃபின் என்னும் கணிதவியலாளர்கள் வகுத்தார்கள். பள்ளத்தின் இரு சுவர்களுக்கு இடையிலுள்ள கோணத்தில் பாதியையும், திரவத்தின் விளிம்பு அந்தப் பரப்பைத் தொடும் சேர்கோணத்தையும் (திரவம் நன்கு நனைத்தால் இது சிறியதாக இருக்கும்) கூட்டினால் 90 பாகைக்குக் குறைவாக வருமானால், ஈர்ப்பு குறுக்கிடாதவரை திரவம் அந்த மூலை வழியே தானாகவே ஓடும். எடுத்துக்காட்டாக, சுவர்களுக்கிடையே 140 பாகை விரிந்த ஆழமற்ற வரியில் மை ஓடுவதற்குச் சேர்கோணம் 20 பாகைக்கும் கீழே இருக்க வேண்டும். அந்த அளவுக்குத் தோலை நனைக்கும் திரவம் அரிது. அதே வரி ஆழமாகிக் கோணம் 40 பாகையாகக் குறுகிவிட்டால், சேர்கோணம் 70 பாகைக்குக் கீழிருந்தாலே போதும். இளந்தோலிலும் குறுக்கும் நெடுக்குமாக வரிகள் உண்டு. ஆனால் அவை ஆழமற்றவை. ஆகவே வாசகரின் மை மாறவில்லை. கோணம் மாறி, அந்த 90 பாகை எல்லையைக் கடந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த விதியின் அழகான செயல்விளக்கம் பூமிக்கு வெளியே நடந்தது. 2008 நவம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் சென்ற விண்வெளி வீரர் டொனால்டு பெட்டிட், ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்து, ஒரு பக்கம் கூரிய மூலையுடைய துளி வடிவக் கோப்பை செய்தார். எடையற்ற நிலையிலும் காப்பி அந்த மூலை வழியே தானாக ஏறி அவருடைய உதட்டை அடைந்தது. இமைச் சுருக்கம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கே ஆழமுள்ளது என்பதால் அங்கும் ஈர்ப்பு விசைக்கு ஏறக்குறைய வேலையில்லை. மை கீழ்நோக்கி மட்டுமன்றி மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் ஊறுவதற்கு இதுவே காரணம். விண்கல எரிபொருள் கலன்களை வடிவமைக்க இந்த மூலை ஓட்டம் ஆழ்ந்து ஆராயப்படுகிறது. ஆனால் கோடிக்கணக்கானோர் தினமும் முகத்தில் காணும் அதே ஓட்டம், அழகுப் பொருள்தானே என்று பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுகளின் ஓரத்தில் நிறுத்தப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. முதியவர்களின் தோலை அறிவது அற்பமான வேலையன்று.

விதி தெரிந்துவிட்டால் தீர்வுகளும் அதிலேயே கிடைக்கின்றன. ஒப்பனைக்கு முன் அடிப்பூச்சாகத் தடவும் பிரைமரை மிக மெல்லிதாகத் தடவினால் அது பள்ளத்தின் அடியை நிரப்பி, கூரிய மூலையை உருண்டையாக்குகிறது. மூலையின் கூர்மை மழுங்கினால் உறிஞ்சும் விசையும் தளர்கிறது. பவுடர் எண்ணெயை எடுத்துக்கொள்ளும், ஆனால் மிகுந்தால் சுருக்கங்களில் தேங்கி அவற்றை எடுத்துக்காட்டும். நான் அதை அரிதாகவே பரிந்துரைப்பேன். இன்னொன்று, ஊறும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: முதல் நொடியில் ஓடிய தூரம் இரட்டிப்பாக நான்கு நொடிகள் ஆகும். கெடுதலில் பெரும்பகுதி தொட்ட கணத்திலேயே நடந்துவிடுவதால், தீட்டியபின் விசிறுவதைவிடத் தூரிகையில் குறைவாக மை எடுப்பதே அதிகம் உதவும். ஜெல் ஐலைனர் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினாலன்றி ஓடாத தன்மையுடையது; தூரிகை தள்ளும்போது நகர்ந்து, விட்டதும் நின்றுவிடும். சுருக்கம் நிறைந்த இமைக்கு என் முதல் தேர்வு அதுவே, அடுத்தது மெழுகுப் பென்சில்.

மேலே தோன்றும் இரண்டாவது கோடு ஓர் அச்சுப்பதிவு. நிமிடத்திற்குச் சுமார் 15 முறை சிமிட்டினால், விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 14,000 முறைக்கு மேல் சரிந்த தோல் கோட்டின்மீது அழுந்தி எழுகிறது. தோலெண்ணெயில் மெழுகு இளகும். படலமாகக் காயும் பலபடி அவ்வளவாக இளகாது. ஆகவே தோல் படியும் கண்களுக்கு, எண்ணெயை ஒற்றி எடுத்தபின், நன்கு காயும் ஜெல்லே ஏற்றது. காயும்வரை மேலே பார்க்காமல் இருப்பது அவசியம். தடித்த கோடு மடிப்புக்குள் மறைந்து அச்சுக்கு மை கொடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தபடி எது வெளியே தெரிகிறதோ அதை மட்டும் குறித்துக்கொண்டு, வெளி ஓர நீட்சியையும் அதே நிலையில் வரைய வேண்டும். மூடிய இமையில் நேராக வரைந்த நீட்சி, திறந்ததும் மடிப்பில் ஒடிந்துபோகும்.

மறைவதை ஈடுகட்டச் சிலர் இமைமயிர்களுக்கு உட்புற விளிம்பில் தீட்டுகிறார்கள். கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் மீபோமியன் சுரப்பிகளின் வாய்கள் அங்கேதான் உள்ளன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிப்புறத்தைவிட உட்புறம் தீட்டியபோது அதிகத் துகள்கள் விரைவாகக் கண்ணீர்ப் படலத்தில் கலந்தது தெரியவந்தது. வயதாகும்போது கண் உலர்வதும் கூடுவதால் உட்புறத்தை விட்டுவிடுவதே நல்லது. சரிந்த தோலைக் களிம்போ இமைப் பயிற்சியோ மேலே தூக்கிவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். மிகுந்துபோன தோலைக் குறைக்கும் ஆற்றல் தசைக்கு இல்லை. ஓர் இமை மட்டும் திடீரெனத் தாழ்ந்தாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அது ஒப்பனை விஷயமன்று, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரவில் மையை அழிக்கும்போது தேய்க்க வேண்டாம். சுருக்கத்தின் அடியில் தங்கிய மை தேய்த்தால் வராது. நீக்கியில் நனைத்த பஞ்சை மூடிய இமையின்மேல் வைத்து அரை நிமிடம் அசைக்காமல் விட்டுவிடுங்கள். காலையில் மையை இழுத்துச் சென்ற அதே மூலைகள் இப்போது நீக்கியை அடிவரை இழுத்துச் செல்லும். பிறகு பஞ்சைக் கீழ்நோக்கி ஒருமுறை வழித்தெடுத்தால் போதும்.