கடைசியாகத் தண்ணீர் குடித்தது எப்போது?

அந்த அம்மாவுக்குக் குடியாத்தம் பக்கம். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். மே மாதம்; வேலூர் வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்குப் போயிருக்க வேண்டிய கேஸ். நடுவில் ஒரு அவசரக் கேஸ் வந்துவிட, மதியம் ஒன்றரை ஆகியும் தியேட்டரிலிருந்து அழைப்பு இல்லை. புடவைத் தலைப்பின் நுனியை ஈரமாக்கி, வெடித்த உதட்டில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து ராத்திரி எட்டரைக்கு, மாத்திரை போடறப்ப ரெண்டு முழுங்கு. அப்புறம் பல்லுல பச்சத் தண்ணி படக்கூடாதுன்னுட்டாங்க சிஸ்டர்."

பதினேழு மணி நேரம்.

அதே வாரம்தான் வார்டு ஸ்டாஃப் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு படிவம் நிரப்பச் சொல்லியிருந்தேன். சான்று சார்ந்த பராமரிப்பை, அதாவது வழக்கத்தை விட்டு ஆய்வுகள் காட்டுவதை வைத்து நோயாளியைக் கவனிப்பதை, நாம் எவ்வளவு கடைப்பிடிக்கிறோம் என்று அளப்பதற்காக அப்டன் என்ற பெயருடைய இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட கேள்வித்தாள் அது. மொத்தம் 24 கேள்விகள். நோயாளி விஷயத்தில் சந்தேகம் வந்தால் ஆய்வுகளைத் தேடிப் பார்க்கிறீர்களா, அதில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா, தேடத் தெரியுமா என்று மூன்று பகுதிகள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண். எங்கள் வார்டுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அந்த அம்மாவின் உதட்டைப் பார்த்த பிறகு அந்தத் தாளை வேறு கண்ணால் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதில் தவறே இல்லை. மயக்க நிலையில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பிரசவத்தில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்களிடம் இதைக் கவனித்து 1946-ல் அமெரிக்க மருத்துவர் மெண்டல்சன் எழுதினார். சோற்றுக்கும் தண்ணீருக்கும் ஒரே கெடு வைக்கும் வழக்கம்தான் தவறு. வெறும் தண்ணீர் வயிற்றைவிட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். குளோரோஃபார்ம் மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒரு கப் தேநீர் கொடுப்பது நல்லது என்று பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டர் 1883-லேயே எழுதியிருக்கிறார்! அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் 1999 வழிகாட்டுதல், தண்ணீர், பால் சேர்க்காத தேநீர் போன்ற தெளிந்த பானங்களுக்கு 2 மணி நேரம், லேசான உணவுக்கு 6 மணி நேரம் என்று பிரித்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2003-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், தண்ணீர் குடிக்கவிட்டதால் ஆபத்து கூடியதற்குச் சான்று இல்லை என்றது. இத்தனைக்கும் தென்னாசிய காக்ரேன் மையம் பல ஆண்டுகள் செயல்பட்டது இதே வேலூரில், சிஎம்சியில். சான்று நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

பிறகு ஏன் பதினேழு மணி நேரம்? படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஆறும் ஏழும் போட்டிருந்த ஒரு சின்னப் பெண்ணிடமே கேட்டேன். "ரெண்டு மணி நேரம்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா ஷீட்ல ராத்திரி பத்து மணியிலேர்ந்து என்.பி.ஓ., வாய் வழியா எதுவும் கூடாதுன்னு இருக்கு. நான் தண்ணி குடுத்து, கேஸ் கேன்சலானா யார் பதில் சொல்றது?" அவள் படிவத்தில் பொய் எழுதவில்லை. அவளுக்குத் தெரிந்ததை அது அளந்தது. அவளால் செய்ய முடிந்ததை அளக்கவில்லை.

இது எங்கள் வார்டின் கதை மட்டும் இல்லை. 1999-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, மருத்துவப் பணியாளர்கள் வழிகாட்டுதலைப் பின்பற்றுவதாகத் தாங்களே சொன்ன அளவையும் பதிவேடுகளில் தெரிந்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. சொன்னது, செய்ததைவிட நடுமதிப்பில் 27 சதவீதப் புள்ளிகள் அதிகம். சரி, பக்கத்தில் நின்று கவனிக்கலாமே என்றால் அதிலும் சிக்கல். கைகழுவுவதைக் கணக்கெடுக்க நோட்டுடன் ஒருவர் நின்றால் அந்த ஷிஃப்ட் முழுக்கக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும்.

நாங்கள் செய்தது சின்ன வேலை. தியேட்டருக்கு அனுப்பும் பதிவேட்டில் இரண்டு கட்டம் சேர்த்தோம்: கடைசியாகத் தண்ணீர் குடித்த நேரம், மயக்க மருந்து தொடங்கிய நேரம். முதல் கட்டத்தைக் கேஸ் ஷீட்டைப் பார்த்து நிரப்பக் கூடாது, நோயாளியின் வாயால் கேட்டுத்தான் எழுத வேண்டும். டூட்டியில் யார் இருந்தார்கள் என்ற பெயர் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பெயர் கேட்டால் எல்லோருக்கும் "இரண்டு மணி நேரம்" என்றே எழுதி வந்துவிடும். சான்று சார்ந்த மருத்துவத்துக்கு 1996-ல் டேவிட் சாக்கெட் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் சொன்ன விளக்கத்திலேயே ஆய்வு, மருத்துவரின் அனுபவம் இரண்டோடு நோயாளியின் விருப்பமும் உண்டு. நாம் நிரப்பும் படிவத்தில் நோயாளி எங்கே வருகிறார்?

ஒரு மாதம் எழுதியதும் காரணங்கள் தாமாகத் தெரிந்தன. யார் வந்தாலும் ஷீட்டில் ஒரே வரி. தியேட்டர் பட்டியல் தள்ளிப்போனால் வார்டுக்குத் தகவல் வருவதில்லை. பாசத்தில் பாட்டிலை ஒளித்து வைக்கும் சொந்தக்காரர்களும் உண்டு. மயக்க மருந்து டாக்டர் ஷீட்டையே மாற்றினார்: உணவை நிறுத்த ஒரு நேரம், தண்ணீரை நிறுத்த ஒரு நேரம், கீழே அவர் கையெழுத்து. கேஸ் தள்ளிப்போனால் தியேட்டரிலிருந்து போன் வரும். முன்பு அந்தச் சின்னப் பெண் தலையில் இருந்த பாரம் இப்போது கையெழுத்துப் போட்டவரிடம் போய்விட்டது.

படிக்கும் நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் ஒன்று. இதைப் படித்துவிட்டு நீங்களாகத் தண்ணீர் குடித்துவிடாதீர்கள். கர்ப்பிணிகள், குடல் அடைப்பு உள்ளவர்கள், நீண்டநாள் சர்க்கரையால் வயிறு மெதுவாக வேலை செய்பவர்கள், அவசர ஆபரேஷன் என்றால் கணக்கே வேறு. பாலும் மோரும் கஞ்சியும் தெளிந்த பானம் ஆகாது. ஆனால் முதல் நாளே தயங்காமல் கேளுங்கள்: "சாப்பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்தணும், தண்ணியை எத்தனை மணிக்கு நிறுத்தணும்?" ஆபரேஷன் தள்ளிப்போனால் இன்னொரு முறை கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

மதியக் கேஸ்களுக்குத் தண்ணீர் இல்லாமல் இருக்கும் நேரம் நன்றாகவே குறைந்தது. காலை முதல் கேஸுக்கு இன்னும் இல்லை. அசந்து தூங்குகிறவரை விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீருக்காக எழுப்ப யாருக்கும் மனசு வருவதில்லை. எப்படியும் அந்த நேரத்துக்கு டெம்பரேச்சர் பார்க்கப் போகிறார்கள். போகும்போதே ஒரு டம்ளர் தண்ணீரையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறோம். நடக்கிறதா என்று இந்த மாதப் பதிவேட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.