சிறார் உடற்பருமன்: சொல் விளக்கம்

'ஒபிசிட்டி' என்ற சொல் இன்று மருத்துவமனையிலும் வீட்டிலும் ஒன்றுபோலப் புழங்குகிறது. அதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் உடற்பருமன். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பற்றிச் சொல்லும்போது குழந்தைப் பருவ உடற்பருமன் அல்லது சிறார் உடற்பருமன் என்கிறோம். பதின்ம வயதினரும் இதில் அடங்குவதால் எனக்கு இரண்டாவது சொல்லே பொருத்தமாகப் படுகிறது.

உடலில் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்து, நலத்தைக் கெடுக்கும் நிலைக்கு வந்துவிடுவதுதான் உடற்பருமன். 'நலத்தைக் கெடுக்கும்' என்ற பகுதியை விட்டுவிட்டால் பொருளே மாறிப்போகும். கன்னம் உப்பியிருப்பதோ, அண்ணனைவிடத் தம்பி சற்றுத் தடிமனாக இருப்பதோ உடற்பருமன் ஆகாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'எடெரெ' என்றால் உண்ணுதல். அதன் முன் 'ஒப்' என்ற முன்னொட்டு சேர்ந்து 'ஒபெசுஸ்' ஆயிற்று. தின்று கொழுத்தவர் என்பது அதன் பொருள். பழைய லத்தீனில் இதே சொல் 'தின்னப்பட்டுத் தேய்ந்தவர்', அதாவது மெலிந்தவர் என்ற நேரெதிர்ப் பொருளிலும் வந்திருக்கிறது. அந்தப் பொருள் வழக்கொழிந்து, தின்று கொழுத்தவர் என்பதே நிலைத்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்ததும் அந்தப் பொருள்தான். ஆக, பெயரிலேயே ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது: தின்றாய், அதனால் இப்படி ஆனாய்.

தமிழ்ச் சொல்லில் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. 'பரு' என்ற வினைக்குப் பெரிதாதல், தடித்தல் என்று பொருள். பருத்தல், பருமை, பருமன், பருப்பொருள், பருவுடல் எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை. 'பரியது கூர்ங்கோட்டது ஆயினும் யானை' என்று தொடங்கும் 599ஆம் குறளில் 'பரியது' என்பது பேருடலைச் சொல்கிறது. அதில் இகழ்ச்சி இல்லை. பருமன் என்பது மரத்துக்கும் கயிற்றுக்கும்கூட வரும் பொதுச்சொல். அதனால்தான் முன்னால் 'உடல்' சேர்க்கிறோம். கடல் + கரை கடற்கரை ஆவதைப் போல உடல் + பருமன் உடற்பருமன் ஆகிறது. 'உடல் பருமன்' என்று பிரித்து எழுதுவதும் பரவலாக இருக்கிறது. படிக்கிறவர்களுக்கு இரண்டுமே புரியும்.

வேறு சொற்களும் உண்டு. ஆயுர்வேதம் ஸ்தௌல்யம் என்கிறது. அது வடமொழி 'ஸ்தூல'த்திலிருந்து வந்தது. பருமை என்பதே அதற்கும் பொருள். 'ஊளைச்சதை' தளர்ந்து தொங்கும் சதையை மட்டும் குறிக்கும், நிலையைக் குறிக்காது. 'கொழுப்பு நோய்' என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். தமிழில் கொழுப்பு என்றால் திமிர் என்றும் பொருள். 'உனக்குக் கொழுப்பு அதிகம்' என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் அது எதைக் கேட்டுக்கொள்ளும்? 'குண்டு' என்பதோ பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. 'உடற்பருமன் உள்ள குழந்தை' என்று எழுதுவதுதான் முறை. ஆஸ்துமா உள்ள குழந்தை என்கிறோம் அல்லவா, அதேபோலத்தான்.

இந்த இடத்தில் 'மிகை எடை' என்ற சொல்லையும் பிரித்தறிய வேண்டும். மிகை எடை முதல் படி, உடற்பருமன் அதற்கடுத்தது. இரண்டையும் அளக்க உடல் நிறைக் குறியீட்டெண் உதவுகிறது. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. பெல்ஜிய நாட்டு அடால்ஃப் கெத்தலே 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு. 1972இல்தான் இன்றைய பெயர் கிடைத்தது. பெரியவர்களுக்கு 25 முதல் மிகை எடை, 30 முதல் உடற்பருமன் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. சிறாருக்கு இந்த எல்லைகள் பொருந்தாது. குறியீட்டெண் 22 என்றால் பெரியவருக்கு அது இயல்பு. பத்து வயதுப் பையனுக்கு அது உடற்பருமன். அதனால் 5 முதல் 19 வயது வரை, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணையில் பார்க்கிறார்கள். அளவுகள் நடுவிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். இடைநிலை அளவைவிட ஒரு திட்ட விலக்கத்துக்கு மேல் போனால் மிகை எடை, இரண்டுக்கு மேல் போனால் உடற்பருமன்.

இந்த அட்டவணையில் இன்னொரு விஷயமும் தெரியும். ஒரு வயதுக்குப் பிறகு குழந்தையின் குறியீட்டெண் மெல்ல இறங்கி, ஐந்தாறு வயதில் அடிமட்டம் தொட்டு, மறுபடி ஏறும். இதைக் கொழுப்பு மீள்பெருக்கம் எனலாம். அந்த ஏற்றம் நான்கு வயதுக்கு முன்பே தொடங்கிவிட்டால் பிற்காலத்தில் பருமனாகும் வாய்ப்பு அதிகம். 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று எல்லாக் குழந்தைக்கும் பொதுவாகச் சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

சரி, காரணங்களுக்கு வருவோம். உண்ட ஆற்றல் செலவான ஆற்றலைவிட மிகுந்தால் கொழுப்பாகச் சேரும் என்பது உண்மைதான். ஏன் மிகுகிறது என்று கேட்கும்போதுதான் லத்தீன் வேரின் போதாமை தெரிகிறது. பசியையும் நிறைவையும் தீர்மானிப்பது மூளை. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன்தான் இருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் 1994இல் அதைக் கண்டுபிடித்து, மெலிவு என்று பொருள்படும் 'லெப்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார்கள். பிறவியிலேயே லெப்டின் இல்லாத குழந்தைகள் இருப்பது 1997இல் தெரியவந்தது. ஓயாத பசியோடு இருந்த அவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது. இது மிக அரிது என்றாலும், பசி வெறும் மனக்கட்டுப்பாடு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பெரும்பாலான சிறாரிடம் ஒரே ஒரு மரபணுப் பிழை இருப்பதில்லை. சிறுசிறு மரபு வேறுபாடுகள் பலவும் சூழலும் சேர்ந்து வேலை செய்கின்றன. கருவுற்ற தாய்க்கு இருந்த சர்க்கரை நோய், கைக்குழந்தைப் பருவத்தில் எடை வேகமாக ஏறியது, தூக்கக் குறைவு, திரை முன் கழியும் மணிநேரம், ஓடியாட இடமில்லாத குடியிருப்பு, மலிவாகக் கிடைக்கும் ஆற்றல் செறிந்த உணவு என்று பட்டியல் நீளும். சர்க்கரை கலந்த பானங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றிலிருந்து வரும் ஆற்றல் திட உணவைப் போல வயிறு நிறைந்த உணர்வைத் தராது. அடுத்த வேளை உணவும் குறையாது. சில நோய்களுக்கு நீண்ட நாள் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகளும் எடையை ஏற்றும்.

தைராய்டு குறைவு போன்ற ஹார்மோன் கோளாறுகளும் காரணமாகலாம், ஆனால் எண்ணிக்கையில் குறைவு. பொதுவான உடற்பருமனில் குழந்தை பெரும்பாலும் வயதுக்கு மீறிய உயரமாகவே இருக்கும். எடை ஏறும்போது உயரம் நின்றுபோயிருந்தால் ஹார்மோன் கோளாறைத் தேட வேண்டும். பெற்றோர் உயரத்தையும் குறித்துவைத்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 1990இல் 5 முதல் 19 வயதினரில் 2 சதவீதம் பேருக்கு உடற்பருமன் இருந்தது. 2022இல் அது 8 சதவீதம், அதாவது 16 கோடிப் பேர். உலகெங்கும் உள்ள குழந்தைகள் எல்லாரும் முப்பது ஆண்டுகளில் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று யாரும் நம்ப முடியுமா? மாறியது அவர்களைச் சுற்றியுள்ள உலகம்.

உடற்பருமனோடு வரும் நோய்களில் இரண்டாம் வகை நீரிழிவு முதன்மையானது. முன்பு அதற்கு 'முதிர்ந்தோர் நீரிழிவு' என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. பதின்ம வயதிலேயே வரத் தொடங்கியதும் அந்தப் பெயர் பொருந்தாமல் போயிற்று. அதற்கு முந்திய நிலை இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலை. அதன் அடையாளம் சில பிள்ளைகளின் கழுத்திலும் அக்குளிலும் தெரியும்: தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டு போல ஆகும். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து தேய்க்காதீர்கள், இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, கொழுப்புக் கல்லீரல் ஆகியவை சத்தமில்லாமல் வருபவை. உறக்க மூச்சுத்தடை அப்படியில்லை. குழந்தை உரக்கக் குறட்டை விடும், நடுநடுவே மூச்சு நிற்கும், பகலில் வகுப்பில் தூங்கி வழியும்; அது கவனக்குறைவு என்று தவறாக எண்ணப்படும். வளரும் வயதில் தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்பில் நழுவிவிடுவதும் உண்டு. பிரச்சினை இடுப்பில் இருந்தாலும் வலி முழங்காலில் தெரியலாம். பருமனான சிறுவன் முழங்கால் வலி என்று நொண்டினால் இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளில் சிலருக்கு முன்கூட்டியே பூப்பு, சினைப்பை நீர்க்கட்டி என்று போகும். அப்புறம் மனம். கேலி செய்தால் பிள்ளை திருந்தி மெலியும் என்று நினைப்பது தவறு. கேலிக்கு ஆளான சிறாருக்கு எடை மேலும் ஏறுவதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன.

சிகிச்சையிலும் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு 'எடைக் குறைப்பு' என்பார்கள். வளரும் குழந்தைகளில் பலருக்கு மருத்துவர் முதலில் சொல்வது 'எடையை நிலைநிறுத்தல்'. எடை ஏறாமல் நின்று, உயரம் வளர்ந்தால் குறியீட்டெண் தானாக இறங்கும். கடுமையான நிலையில் எடையைக் குறைக்கவும் வேண்டியிருக்கும், ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில்தான். பட்டினி போடுவதற்கு இரண்டிலும் இடமில்லை. 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஓடிப்பிடித்து விளையாடுவதும் அந்தக் கணக்கில் சேரும்.