சம்மனுக்கு ஏது சேவை?

"அழைப்பாணை சேவை செய்யப்பட்ட 14 நாள்களுக்குள்..." கோலாலம்பூரில் வக்கீல் வைக்காமல் தாமே வழக்காடுவோருக்கென்று எழுதப்படும் தமிழ்க் குறிப்புகளில் இந்தத் தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. யார் யாருக்குச் செய்த சேவை?

வழக்குத் தாள்களை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது ஒரு வேலை. அவற்றை எதிராளிக்கு முறைப்படி போய்ச் சேரச் செய்வது இன்னொரு வேலை. ஆங்கிலத்தில் 'சர்வீஸ்' என்பது இந்த இரண்டாவது. அடிமையைக் குறித்த லத்தீன் 'செர்வுஸ்' அதன் வேர். நம் 'சேவை' வடமொழி 'சேவா'விலிருந்து வந்தது. இரண்டுக்கும் வேர் வேறு, ஓசை ஒத்தது தற்செயல். பெருமாளைச் சேவிக்கலாம், சம்மனை எப்படிச் சேவிப்பது?

இதை அற்பம் என்று தள்ள முடியவில்லை. மலேசியாவின் 2012 நீதிமன்ற விதிகளில் நாள் கணக்கு இந்தச் செயலிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கை வழக்கில் வக்கீல் வாதாட இடமில்லை. வழக்குப் போட்டவரே தம் கோரிக்கையை எழுதிய பாரம் 198-ஐ நேரிலோ ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலிலோ எதிராளிக்குச் சேர்க்க வேண்டும். பெற்றவர் 14 நாள்களுக்குள் பாரம் 199-இல் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும்; தவறினால் அவர் பக்கம் கேட்காமலே தீர்ப்பாகிவிடலாம். 'சேவை' என்றால் நம் மக்களுக்கு அரசாங்கச் சேவை முகப்புதான் நினைவுக்கு வரும். முகப்பில் தாளைக் கொடுத்து முத்திரை வாங்கியதும் "சேவை முடிந்தது" என்று ஒருவர் வீட்டுக்குப் போனால், குற்றம் அவருடையதா?

சிலர் 'சமர்ப்பித்தல்' என்கிறார்கள். அது தாக்கலோடு குழம்பும். 'ஒப்படைத்தல்' ஓரளவு தேவலாம். ஆனால் ஆளைப் பிடிக்க முடியாதபோது, நீதிமன்ற அனுமதியோடு கதவில் ஒட்டுவதும் நாளிதழில் விளம்பரம் போடுவதும் உண்டே, அங்கே யாரிடம் ஒப்படைத்தோம்? தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் 'சார்வு செய்தல்' அங்கே பழகிய சொல். இங்கே அதைப் படிப்பவர் யார் சார்பில் என்று கேட்பார்.

'சேர்ப்பித்தல்' எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. "கடிதம் சேர்ந்ததா?" என்று கேட்காத தமிழர் உண்டா? கதவில் ஒட்டினாலும், சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும்.

எனக்குப் பொறுக்காதது வேறு. மலாயில் இதற்குப் பெயர் 'பெஞம்பாயான்'. 'சம்பாய்', அதாவது போய்ச் சேர்வது, அதன் வேர். பள்ளியிலிருந்தே மலாய் படித்த மொழிபெயர்ப்பாளர், கண்முன் இருக்கும் மலாய்ச் சொல்லை விட்டுவிட்டு ஆங்கில அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறார். வங்கிக் கடிதம், காப்புறுதிப் பத்திரம் எல்லாவற்றிலும் இதே கதை.

நேரில் சேர்ப்பித்தல், மாற்றுவழிச் சேர்ப்பித்தல், சேர்ப்பித்ததற்கான சத்தியப் பிரமாணம் என்று எழுதுங்கள். மூன்றுக்கும் அகராதி வேண்டியதில்லை.